நாலு பேர் கட்டிய நெட்வொர்க்

மதுரை கீழமாசி வீதியில் ஒரு மொத்தப் பலசரக்குக் கடை என்று வைத்துக்கொள்வோம். கீழே கடை, முதல் மாடி குடோன், அதற்கு மேல் வீடு. முதலில் நெட்காரர் வந்தார். கம்பத்திலிருந்து மெல்லிய கறுப்பு ஃபைபர் ஒயரை இழுத்து, கல்லாவுக்கு மேலே ஆணியடித்து மோடத்தை மாட்டினார். வைஃபைக்கு என்ன பாஸ்வேர்டு வைக்கலாம் என்று கேட்டார். முதலாளி தன் செல் நம்பரையே சொன்னார். சில மாதம் கழித்து சிசிடிவி போடுகிறவர் வந்தார். நாலு கேமரா, அவற்றின் படத்தைப் பதிவு செய்யும் டிவிஆர் பெட்டி ஒன்று, மோடத்திலிருந்து டிவிஆருக்கு ஒரு லேன் ஒயர், முதலாளியின் போனில் ஒரு ஆப். அப்புறம் டேலி என்ற கணக்கு மென்பொருளைப் போட்டுக் கொடுத்தவர். "ஏதாச்சும்னா அங்கேயிருந்தே பாத்துர்றேன்ணே" என்று பில் போடும் கம்ப்யூட்டரில், தொலைவிலிருந்தே அதை இயக்க உதவும் எனிடெஸ்க்கை ஏற்றிவிட்டுப் போனார். கடைசியாக, மேல்வீட்டில் சிக்னல் எட்டவில்லை என்று மச்சினர் மகன் ஒரு பழைய ரவுட்டரைக் கொண்டுவந்து மாடியில் செருகினான்.

நால்வரும் அவரவர் வேலையைக் குறை சொல்ல முடியாமல்தான் செய்தார்கள். ஆனால் ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாது. எந்த மூட்டை எந்த அடுக்கில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற முதலாளியிடம் மோடத்தின் அட்மின் பாஸ்வேர்டைக் கேட்டால், "அது நெட்காரத் தம்பிக்குத்தான் தெரியும்" என்பார். டிவிஆர் பாஸ்வேர்டு கேமராக்காரருக்குத் தெரியும். எனிடெஸ்க் பாஸ்வேர்டு டேலிக்காரருக்குத் தெரியும். கடை அவருடையது, உள்ளே நுழையும் வழியெல்லாம் மற்றவர் கையில்.

கம்ப்யூட்டர் பாதுகாப்பு என்றாலே எங்கோ வெளிநாட்டில் இருட்டறையில் உட்கார்ந்திருக்கும் ஹேக்கரைத்தான் நினைத்துக்கொள்கிறோம். நம் ஊர் வீடுகளையும் சிறு கடைகளையும் பொறுத்தவரை, இந்த நால்வரின் வேலைகள் ஒன்றோடொன்று முட்டும் இடங்கள்தான் ஓட்டை என்பது என் கணிப்பு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மோடம் என்கிற பெட்டி

மோடம் என்று நாம் சொல்லும் பெட்டிக்குள் நாலு வேலை நடக்கிறது. ஃபைபரில் வரும் ஒளியை மின்சைகையாக மாற்றுவது ஒன்று. வெளி உலகத்துக்கும் வீட்டுக்கும் நடுவே நின்று, எந்தத் தகவல் எந்தக் கருவிக்கு என்று பிரித்து அனுப்பும் ரவுட்டர் வேலை ஒன்று. பின்புறம் உள்ள துளைகளில் ஒயர் செருகினால் அவற்றை இணைக்கும் ஸ்விட்ச் வேலை ஒன்று. வைஃபை நாலாவது.

இந்தப் பெட்டிக்கு இரண்டு பாஸ்வேர்டு உண்டு என்பதிலேயே பலருக்குக் குழப்பம். ஒன்று வைஃபையில் சேருவதற்கு. இன்னொன்று பெட்டியின் அமைப்பு முழுவதையும் மாற்றுவதற்கு. பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்தால் பெரும்பாலான மோடங்களில் ஒரு பக்கம் வரும். அங்கே கேட்பதுதான் இரண்டாவது பாஸ்வேர்டு. முதலாவதை மாதாமாதம் மாற்றுகிறவர்கள்கூட இரண்டாவதைத் தொட்டிருக்க மாட்டார்கள். அது பல வீடுகளில் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கும், அல்லது ஏரியா முழுக்க நெட்காரர் வைத்திருக்கும் ஒரே சொல்லாக இருக்கும்.

அதைத் தெரிந்துகொண்டவருக்கு என்ன ஆதாயம்? உங்கள் வைஃபை பாஸ்வேர்டை அங்கேயே படித்துக்கொள்ளலாம். உங்கள் கருவிகள் இணையதளங்களின் முகவரியை யாரிடம் கேட்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் டிஎன்எஸ் எண்ணை மாற்றி, வங்கியின் பெயரை அடிக்கிற உங்களை வேறொரு போலிப் பக்கத்துக்குத் திருப்பப் பார்க்கலாம். இப்போதைய பிரவுசர்கள் சான்றிதழ் பொருந்தவில்லை என்று சிவப்பாக எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையைப் படிக்காமல் 'தொடர்க' என்று அழுத்துகிறவர்கள் நம்மில் ஏராளம்.

நீங்கள் பாஸ்வேர்டை மாற்றினாலும், சேவை கொடுக்கும் நிறுவனம் தொலைவிலிருந்து பெட்டிக்குள் வருவதற்குத் தனி வாசல் பெரும்பாலும் உண்டு. புதிய மென்பொருள் ஏற்றவும் பழுது பார்க்கவும் அது தேவைதான். ஆனால் அதே வாசல் வழியாக வில்லங்கமும் வந்திருக்கிறது. 2016 நவம்பரில் ஜெர்மனியின் டாய்ச்ச டெலிகாம் வாடிக்கையாளர்கள் 9 லட்சம் பேரின் ரவுட்டர்கள் செயலிழந்தன. தொலைநிர்வாக வாசலைத் தட்டிய ஒரு தீநிரல்தான் காரணம். இதற்கு வாடிக்கையாளர் செய்யக்கூடியது அதிகமில்லை. அந்தப் பெட்டி முழுக்க நம்முடையது அல்ல என்று தெரிந்து, அதற்கேற்ப உள்ளே ஏற்பாடு செய்துகொள்வதுதான். அதைப் பின்னால் சொல்கிறேன்.

செல் நம்பரை பாஸ்வேர்டாக வைப்பது

நம் ஊரில் பாதி வைஃபைகளின் பாஸ்வேர்டு உரிமையாளரின் செல் நம்பர்தான் என்று அடித்துச் சொல்லலாம் போலிருக்கிறது. பத்து இலக்கம் இருக்கிறது, நினைவிருக்கும், யாராவது கேட்டால் சொல்ல வசதி. கடையென்றால் அந்த நம்பர் பெயர்ப்பலகையிலேயே இருக்கும். மேற்கொண்டு கண்டுபிடிக்க ஒன்றுமில்லை.

பெயர்ப்பலகையே இல்லாத வீடு என்று வைத்துக்கொண்டாலும் கணக்கு சாதகமாக இல்லை. இந்தியாவில் செல் எண்கள் 6, 7, 8, 9 ஆகியவற்றில் ஒன்றில்தான் தொடங்கும். ஆக மொத்தம் 400 கோடி வாய்ப்புகள். பெரிய எண்தான். ஆனால் வைஃபையைப் பூட்ட இப்போது அதிகம் புழங்கும் டபிள்யூபிஏ 2 முறையில், உங்கள் போன் வைஃபையில் சேரும்போது நடக்கும் கைகுலுக்கலை (பாஸ்வேர்டு சரியா என்று போனும் மோடமும் பார்த்துக்கொள்ளும் உரையாடலை) வெளியே நிற்கும் ஒருவர் பதிவு செய்துகொண்டு போய்விடலாம். பிறகு உங்கள் வீட்டுப் பக்கமே வராமல், தன் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு எண்ணாகப் போட்டுப் பார்க்கலாம். விளையாட்டுப் பிரியர்கள் வாங்கும் உயர்ரக கிராபிக்ஸ் கார்டு ஒன்று நொடிக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் முயன்று பார்க்கும். பத்து லட்சம் என்றே கொண்டாலும் 400 கோடியையும் முடிக்க 4,000 நொடி. ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

ஆகவே பாஸ்வேர்டு வெறும் எண்களாக இருக்கக் கூடாது. மீனாட்சி, அழகர், மதுரைமல்லி என்று ஊர்ப் பெருமைக்குப் பின்னால் 123 சேர்ப்பதும் உதவாது. உள்ளூர்க்காரன் முதலில் முயல்வது அதைத்தான். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத நாலைந்து சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதுங்கள். ஓணான், தபால், உரல், பேரிக்காய் என்பது போல. (இதையே வைத்துவிடாதீர்கள்.) 63 எழுத்து வரை இடமிருக்கிறது. நீளம்தான் இங்கே பலம். அட் குறியும் டாலர் குறியும் போட்டு நாமே மறந்துபோகிற எட்டெழுத்துச் சொல்லைவிட இது எவ்வளவோ மேல்.

இந்த முறைகளின் வரலாறு சுருக்கமாக: 1997-இல் வைஃபை தரநிலையோடு வந்த டபிள்யூஇபி என்ற முதல் பூட்டை 2001-லேயே கணிதர்கள் உடைத்துவிட்டார்கள். 2003-இல் டபிள்யூபிஏ, 2004-இல் டபிள்யூபிஏ 2, 2018-இல் டபிள்யூபிஏ 3. மூன்றாவதில் மேலே சொன்னதுபோல் பதிவுசெய்து கொண்டுபோய் வீட்டில் உட்கார்ந்து உடைக்க முடியாது. மோடத்தில் அந்த வசதி இருந்தால் இரண்டும் மூன்றும் கலந்த அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். பழைய போன்களும் பிரிண்டர்களும் வழிக்கு வரும்.

டபிள்யூபிஎஸ் என்று ஒரு பொத்தான் இருக்கும். பாஸ்வேர்டு இல்லாமல் கருவிகளைச் சேர்ப்பதற்கு. அதன் எட்டு இலக்க எண்ணை முதல் நாலு, பின் நாலு என்று பெட்டி தனித்தனியாகச் சரிபார்க்கிறது. கடைசி இலக்கமோ மற்ற ஏழிலிருந்து கணக்கிடப்படுவது. எனவே பத்துக் கோடி முயற்சி தேவைப்பட வேண்டிய இடத்தில் 11,000 முயற்சியே போதும். இது 2011-லேயே வெளியான விஷயம். அமைப்புப் பக்கத்தில் அதை அணைத்துவிடுங்கள். வைஃபை பெயரை மறைத்து வைப்பதும், அனுமதித்த போன்களின் கருவி அடையாள எண்களை (செல் நம்பர் அல்ல) மட்டும் பட்டியலிடுவதும் வெட்டி வேலை. தேடுகிறவனுக்கு அவை தடையே இல்லை, வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குத்தான் தொல்லை.

மாடி ரவுட்டர்

மச்சினர் மகன் செய்ததைப் பார்ப்போம். கோயிலைச் சுற்றியுள்ள பழைய வீடுகளில் சுண்ணாம்புக் காரைச் சுவர்கள் தடிமனானவை. புது வீடுகளில் தளம் முழுக்கக் கம்பி கட்டிய கான்கிரீட். இரண்டுமே வைஃபைக்கு எதிரி, அதிலும் வேகமான 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு. சுவர்களைத் தாண்டிப் போவதில் தேவலையான 2.4 கிகாஹெர்ட்ஸில், ஒன்றின் மேல் ஒன்று ஏறாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றுதான். டவுன்ஹால் ரோட்டில் நின்று போனைத் திறந்தால் வரிசையாக வந்து விழும் வைஃபை பெயர்கள் அத்தனையும் அந்த மூன்றுக்குள்தான் இடித்துக்கொண்டு நிற்க வேண்டும். மாடிக்குத் தனி ரவுட்டர் போட்டது சரியான முடிவுதான்.

கோளாறு, ஒயரை எந்தத் துளையில் செருகினான் என்பதில். ரவுட்டரின் பின்னால் தனி நிறத்தில் ஒரு துளை இருக்கும். வெளியிலிருந்து வரும் இணைப்புக்கு உரியது, வேன் என்று எழுதியிருக்கும். மற்றவை லேன். அவன் லேனில் செருகிவிட்டான். இப்போது ஒரே நெட்வொர்க்கில் மோடமும் முகவரி கொடுக்கிறது, ரவுட்டரும் கொடுக்கிறது. ரவுட்டரிடம் முகவரி வாங்கிய போன் வெளி உலகத்துக்கு வழி கேட்டு ரவுட்டரிடமே போகும். அதற்கோ வெளியே வழி இல்லை. "அம்மா போன்ல நெட் வருது, எனக்கு மட்டும் சுத்திக்கிட்டே இருக்கு" என்ற புகாருக்கு மாடி ரவுட்டர் உள்ள வீடுகளில் இதுதான் பெரும்பாலும் காரணம். நெட்காரரைத் திட்டிப் பயனில்லை.

சிக்னல் மட்டும் போதுமென்றால் ரவுட்டரை ஆக்சஸ் பாயிண்ட் என்ற அமைப்புக்கு மாற்றிவிடலாம். அப்போது அது முகவரி கொடுக்கும் வேலையை விட்டுவிடும்.

ஆனால் வேன் துளையில் செருகினால் கிடைக்கிற ஒரு நன்மை பலருக்குத் தெரியாது. ரவுட்டருக்கு உள்ளே இருக்கும் கருவிகள் வெளியே போகலாம். வெளியே மோடத்தில் இருக்கும் கருவிகள் தாமாக உள்ளே வர முடியாது. அதாவது மோடத்தின் வைஃபையில் வாடிக்கையாளர், விருந்தாளி, டிவி, கேமரா எல்லாம் இருக்கட்டும். பில் கம்ப்யூட்டரும் வீட்டு லேப்டாப்பும் நம் சொந்த ரவுட்டருக்குப் பின்னால். கேமராவில் எவனாவது புகுந்தாலும், நெட்காரரின் பெட்டியே கெட்டுப்போனாலும், கணக்குப் புத்தகம் உள்ள கம்ப்யூட்டர் அவன் கண்ணில் படாது. வேலைக்கு இரண்டாயிரம் ரூபாய்க்குக் கீழே கிடைக்கும் சாதாரண ரவுட்டர் போதும். மோடம் 192.168.1 என்று தொடங்கும் முகவரி கொடுத்தால், ரவுட்டர் வேறு வரிசையில் கொடுக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டும் ஒரே வரிசை என்றால் வழி குழம்பும். பொதுவாகச் சொந்தமாக அட்மின் பாஸ்வேர்டு வைத்துக்கொள்ளும் ஒரே பெட்டி இதுதான் என்பதால், சிறு கடைக்கு நான் முதலில் சொல்வது இந்தச் செலவைத்தான்.

பல மோடங்களில் 'கெஸ்ட்' என்று இரண்டாவது வைஃபை பெயர் வைக்கும் வசதியும் உண்டு. பெயர் வேறானால் நெட்வொர்க்கும் தனி என்று நம்பிவிடக் கூடாது. சோதிக்க வழி எளிது. போனை கெஸ்டில் சேர்த்து, பிரவுசரில் டிவிஆரின் முகவரியை அடித்துப் பாருங்கள். லாகின் பக்கம் வந்தால் பிரிவினை ஒன்றும் நடக்கவில்லை.

இன்னொன்று, கேபிள். 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்குப் பணம் கட்டியும் மாடியில் 95-ஐத் தாண்டாது. லேன் ஒயருக்குள் நாலு ஜோடியாக எட்டுக் கம்பி. 100 எம்பிபிஎஸ் வரை இரண்டு ஜோடி போதும், அதற்கு மேல் போக நாலு ஜோடியும் வேண்டும். முனையைக் கிரிம்பிங் செய்தபோது ஒரு கம்பி சரியாகக் கடிபடாவிட்டாலும் வேகம் சத்தமில்லாமல் நூறுக்கு இறங்கிவிடும். விலை குறைந்த சுருள்களில் அலுமினியக் கம்பி மேல் செம்பு பூசியிருக்கும். பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். கடையிலேயே ஒரு துண்டைச் சுரண்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஒரே இழுப்பில் 100 மீட்டருக்கு மேல் லேன் ஒயர் வேலை செய்யாது என்பதும் பெரிய குடோன்காரர்கள் அறிய வேண்டியது.

கேமரா யாருடையது?

நாலு வேலைகளில் எனக்கு அதிகம் கவலை தருவது கேமராதான்.

வெளியூரிலிருந்து போனில் கடையைப் பார்ப்பது எப்படி நடக்கிறது? முன்பெல்லாம் கேமராக்காரர் மோடத்துக்குள் போய், "இந்த எண்ணுக்கு வருகிறவர்களை நேராக டிவிஆரிடம் அனுப்பு" என்று ஒரு வாசலைத் திறந்துவைப்பார். உங்களுக்குத் திறந்த வாசல் உலகத்துக்கே திறந்ததுதான். இன்று பல இணைப்புகளில் அது முடியாது. பழைய வகை இணைய முகவரிகள் உலகம் முழுக்கத் தீர்ந்துகொண்டே வந்து, ஆசியாவுக்கான பொதுக் கையிருப்பு 2011 ஏப்ரலிலேயே காலியானது. எனவே நிறுவனங்கள் பல வீடுகளை ஒரே முகவரிக்குப் பின்னால் நிறுத்திவைக்கின்றன. வெளியிலிருந்து நேராக உங்கள் வீட்டுக்கு வர முகவரியே இல்லை. யாரும் திட்டமிடாமல் கிடைத்த பாதுகாப்பு இது. கேமராவுக்காக "ஸ்டேட்டிக் ஐபி வாங்குங்கண்ணே" என்று யாராவது சொல்லி, நீங்களும் மாதம் கூடுதல் பணம் கட்டினால், காசு கொடுத்து அந்தப் பாதுகாப்பைக் கழற்றுகிறீர்கள். இந்தியாவில் வேகமாகப் பரவிவிட்ட ஐபிவி6 என்ற புதிய வகை முகவரியில் இந்தத் தற்செயல் கவசம் கிடையாது. அங்கே, வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும் மோடத்தின் ஃபயர்வால் ஒன்றுதான் காவல். அது அணைக்கப்படாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போதைய முறை வேறு. டிவிஆர் தானாகவே தயாரிப்பாளரின் சர்வரோடு பேசிக்கொண்டிருக்கும். உங்கள் போனும் அங்கே போய்ச் சேரும். டிவிஆர் மேல் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் முடிந்தது. இங்கேதான் கவனிக்க வேண்டும்: ஸ்கேன் செய்தது யார் போன்? பல கடைகளில் கேமராக்காரர் முதலில் தன் கணக்கில் சேர்த்து, அப்புறம் முதலாளிக்கு 'ஷேர்' செய்திருப்பார். ஆப்பின் பார்வையில் டிவிஆருக்கு உரிமையாளர் அவர், நீங்கள் விருந்தாளி. அவர் நல்லவராகவே இருக்கலாம். அவர் போன் தொலையலாம், அவரிடம் வேலை பார்த்த பையன் நின்றுவிடலாம். அவர் போட்டுக்கொடுத்த எல்லாக் கடைகளுக்கும் ஒரே பாஸ்வேர்டு என்றால் ஒரு கடையின் கசிவு எல்லாக் கடையின் கசிவு. உங்கள் ஆப்பில் 'ஷேர்டு' என்று காட்டினால், அவரைக் கூப்பிட்டுத் தன் கணக்கிலிருந்து நீக்கச் சொல்லி, உங்கள் நம்பரில் புதிதாகச் சேருங்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். டிவிஆரின் அட்மின் பாஸ்வேர்டை அப்போதே மாற்றி, அவருக்குத் தேவைப்பட்டால் பார்க்க மட்டும் உரிமையுள்ள தனிக் கணக்கு கொடுங்கள்.

கேமராக்களின் தொழிற்சாலை பாஸ்வேர்டு எவ்வளவு பெரிய ஆபத்து என்பதை 2016-இல் உலகம் பார்த்தது. மிராய் என்ற தீநிரல் இணையத்தில் திறந்திருக்கும் கேமரா, டிவிஆர், ரவுட்டர்களைத் தேடிப் போய், அறுபது சொச்சம் பெயர்-பாஸ்வேர்டு ஜோடிகளை மட்டும் முயன்று பார்த்தது. வேறு வித்தை எதுவும் இல்லை. அப்படிச் சேர்ந்த கருவிப் படைதான் 2016 அக்டோபர் 21 அன்று பல தளங்களுக்கு டிஎன்எஸ் சேவை கொடுத்த டைன் என்ற நிறுவனத்தின் மேல் பாய்ந்து, ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உட்படப் பல தளங்களை மணிக்கணக்கில் முடக்கியது. நிரலை எழுதிய மூன்று அமெரிக்க இளைஞர்கள் 2017 டிசம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். அதற்குள் நிரல் பொதுவெளிக்கு வந்துவிட்டது. அதன் பிள்ளைகுட்டிகள் இன்றும் உலவுகின்றன.

மிராய்க்குக் கேமராவின் படம் தேவைப்படவில்லை. படமே தேவைப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் சிசிடிவி பதிவுகள் டெலிகிராம் வழியாக விற்கப்பட்டது 2025 பிப்ரவரியில் வெளியே வந்தது. நாட்டின் வேறு பல இடங்களின் கேமராக்களிலிருந்தும் அப்படியே எடுத்திருந்தது விசாரணையில் தெரிந்தது. ஆகவே கேமராவை எங்கே மாட்டுகிறோம் என்பதும் பாதுகாப்புதான். தெருவையும் வாசலையும் கல்லாவையும் பார்க்கட்டும். படுக்கையறை, பெண்கள் துணி போட்டுப் பார்க்கும் அறை, மருத்துவர் பரிசோதிக்கும் அறை ஆகியவற்றில் கேமரா எதற்கு? கல்லாவைப் பார்க்கும் கேமராகூட, வாடிக்கையாளர் பின் நம்பர் அழுத்தும் விரல்களைக் காட்டாத கோணத்தில் இருக்க வேண்டும்.

2025 ஏப்ரல் முதல், விற்பனைக்கு வரும் சிசிடிவி கேமராக்கள் பாதுகாப்புச் சோதனையில் தேற வேண்டும் என்று மத்திய அரசு கட்டாயமாக்கியிருக்கிறது. நல்லதுதான். அதற்கு முன்பே சுவரில் ஏறிவிட்டவற்றுக்கு அது பொருந்தாது.

பில் கம்ப்யூட்டர்

டேலிக்காரரின் எனிடெஸ்க் தப்பான மென்பொருள் அல்ல. யாரும் 'சரி' என்று அழுத்தாமலே உள்ளே வர நிரந்தர பாஸ்வேர்டு வைத்திருப்பதுதான் பிரச்சினை. அந்த அமைப்பை நீக்கிவிட்டு, உதவி தேவைப்படும்போது மட்டும் திறந்து, வேலை முடிந்ததும் மூடுங்கள். இதே செயலியைப் போனில் ஏற்றச் சொல்லி வங்கிக் கணக்கைத் துடைப்பது பற்றி ரிசர்வ் வங்கி 2019-லேயே வங்கிகளை எச்சரித்தது. வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி எவனாவது அதை ஏற்றச் சொன்னால் போனை வைத்துவிடுங்கள்.

இதைவிட மோசமான பழக்கம், வீட்டிலிருந்து டேலி பார்ப்பதற்காக விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப்பை அப்படியே இணையத்தில் திறந்துவிடுவது. அதன் வாசல் எண் 3389. அந்த எண்ணை உலகம் முழுக்கத் தட்டிப் பார்க்கும் தானியங்கி நிரல்கள் இராப்பகலாக ஓடுகின்றன. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் கும்பல்களுக்கு அதுதான் விருப்பமான வழிகளில் ஒன்று. உள்ளே வந்தபின் என்ன ஆகும் என்பதற்கு 2017 மே 12 அன்று கிளம்பிய வான்னாக்ரை நல்ல சாட்சி. யாரும் எதையும் கிளிக் செய்யாமலே ஒரு கம்ப்யூட்டரிலிருந்து அடுத்ததற்கு அது தாவியது. அதைத் தடுக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. ஏற்றாதவர்கள் மாட்டினார்கள். விண்டோஸ் 7-க்குத் திருத்தங்கள் 2020 ஜனவரியோடு நின்றன. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் வழக்கமான ஆதரவு முடிந்தது. பில் போட மட்டும்தானே என்று பழைய கம்ப்யூட்டரை ஓட்டுகிறவர்கள் மாற்றப் பணம் சேரும்வரை, அதில் மெயில், பிரவுசர், பென்டிரைவ் எதுவும் வேண்டாம்.

இதற்கெல்லாம் மேலே ஒன்று உண்டென்றால் நகல் எடுப்பது. ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளை, ஆண்டு அறிக்கைக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். டேலி கோப்புகள் பூட்டப்பட்டுவிட்டால் வரி அதிகாரியிடம் 'வைரஸ் தின்றுவிட்டது' என்று சொல்ல முடியாது. இரண்டு வெளி ஹார்டு டிஸ்க் வாங்குங்கள். இன்று ஒன்று, நாளை ஒன்று. நகல் எடுத்ததும் கழற்றிவிட வேண்டும். செருகியே இருந்தால் அதுவும் சேர்ந்து பூட்டப்படும். ஒன்று கடையில், ஒன்று மேல்வீட்டில் அல்லது வேறு கட்டடத்தில். மாதம் ஒரு முறை வேறு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். திறக்காத நகல் நகலே இல்லை.

பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணம் அடுத்த கணக்குக்குப் போகும்முன் நிறுத்த அவ்வளவு வாய்ப்பு. கப்பலூர் தொழிற்பேட்டையிலோ வேறெங்கோ நிறுவனமாகப் பதிவு செய்து நடத்துகிறவர்களுக்கு இன்னொரு கடமையும் உண்டு. 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவுப்படி, குறிப்பிட்ட வகைத் தாக்குதல்களைக் கவனித்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும்.

லாட்ஜ், வீடு, அலுவலகம்

ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள தெருக்களில் லாட்ஜ் நடத்துகிறவர்களுக்கு மேலே சொன்ன பிரிவினை இரட்டிப்பு அவசியம். ரிசப்ஷன் கம்ப்யூட்டரில் தங்கியவர்களின் ஆதார், பாஸ்போர்ட் நகல்கள் குவிந்திருக்கும். பலகையில் எழுதிப்போட்ட வைஃபையில் அதே கம்ப்யூட்டரும் இருந்தால், ஓர் இரவு வாடகை கொடுக்கிற எவனும் அதன் கதவைத் தட்டலாம். பாஸ்வேர்டே இல்லாமல் விடுவதன் விலை வேறு. 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்பு தொடர்பான மின்னஞ்சல், நவி மும்பையில் குடியிருந்த ஒரு வெளிநாட்டவரின் பாதுகாப்பற்ற வைஃபை வழியாகப் போயிருந்தது. போலீஸ் முதலில் வந்து நின்றது அவர் வீட்டு வாசலில்.

லாட்ஜில் தங்குகிறவர்களுக்கு: பொது வைஃபை பற்றிய பயம் இப்போது கொஞ்சம் மிகை. பெரும்பாலான தளங்களும் ஆப்களும் தகவலைப் பூட்டியே அனுப்புகின்றன. கடையில் உள்ள யுபிஐ ஸ்பீக்கர் பெட்டியைப் பற்றியும் கேட்கிறார்கள். அதற்குப் பெரும்பாலும் சொந்த சிம் இருக்கும். உங்கள் வைஃபையோடு அதற்கு உறவில்லை.

இலந்தைக்குளம், வடபழஞ்சி ஐடி பூங்கா நிறுவனங்களில் வேலை பார்த்துக்கொண்டு வீட்டிலிருந்து லாகின் செய்கிறவர்கள், நிறுவனம் கொடுத்த விபிஎன் (தகவலைப் பூட்டி அனுப்பும் தனிவழி) வீட்டையும் காப்பாற்றும் என்று நினைக்கக் கூடாது. அது நிறுவனத்துக்குப் போகும் தகவலுக்கு மட்டும் கவசம். பத்துப் பதினைந்து கம்ப்யூட்டர் உள்ள அலுவலகம் என்றால் மச்சினர் மகன் போதாது. நெட்வொர்க்கைப் பிரிக்கத் தெரிந்த ஸ்விட்சும், அதை அமைக்கத் தெரிந்த ஆளும் வேண்டும். வேலையை விட்டுப் போனவரின் கணக்கை அவர் கடைசிச் சம்பளம் வாங்கும் நாளிலேயே மூட வேண்டும்.

இடி

கோடை மழைக்கும் ஐப்பசி மழைக்கும் இடியில்லாமல் மதுரை இருந்ததில்லை. ஃபைபரில் உள்ள கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் அதோடு வரும் தாங்குகம்பி எஃகு என்றால் கடத்தும். மொட்டைமாடிக் கேமராவிலிருந்து இறங்கும் செம்பு ஒயர் நன்றாகவே கடத்தும். பக்கத்தில் எங்கோ இடி விழுந்தாலும் டிவிஆர், அதன் லேன் துளை, அதில் மாட்டிய மோடம் என்று வரிசையாகப் போகும். வானம் கறுத்தால் மின்சார பிளக்கோடு டிவிஆரின் லேன் ஒயரையும் பிடுங்கிவிடுங்கள்.

அப்படியும் போய்விட்டால், மறுநாள் நெட்காரர் வேறு மோடத்தோடு வருவார். பத்து நிமிடத்தில் நெட் வந்துவிடும், எல்லாருக்கும் நிம்மதி. ஆனால் அது தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையில் உள்ள பெட்டி. நீங்கள் மாற்றிய அட்மின் பாஸ்வேர்டு, அணைத்த டபிள்யூபிஎஸ், கெஸ்ட் ஏற்பாடு எதுவும் அதில் இல்லை. வைஃபை பாஸ்வேர்டு கேட்டால் மறுபடி வாய் தவறிச் செல் நம்பரைச் சொல்லிவிடாதீர்கள். சின்னக் குச்சியால் ரீசெட் துளையை அழுத்தினாலும் இதே கதைதான். என்னென்ன மாற்றியிருக்கிறோம் என்று ஒரு பழைய டைரியில் எழுதி, பூட்டிய பீரோவில் வையுங்கள். நோட்டில் எழுதக் கூடாது என்பார்கள். ரஷ்யாவில் உட்கார்ந்திருப்பவன் உங்கள் பீரோவைத் திறக்கப்போவதில்லை.

எரிந்துபோன டிவிஆரைப் பழைய சாமான்காரரிடம் போடும்முன் நாலு திருகைக் கழற்றி ஹார்டு டிஸ்கை எடுத்துவிடுங்கள். போர்டு போனாலும் டிஸ்க் பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கும், உள்ளே கடைசிச் சில வாரங்களின் கடை முழுதும் இருக்கும். மோடத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, அது இன்னும் வேலை செய்கிறதென்றால், ரீசெட்டை அழுத்திவிட்டுக் கொடுங்கள்.